பகதூரும் பாதரும் ஒரே ஆள்தான்!

கேள்வி: மங்கோலியத் தலைநகரை 'உலான் பாதர்' என்கிறார்கள். பழைய மங்கோலிய எழுத்தில் அது 'உலகன் பகதுர்' என்று இருக்கிறதாமே? எழுதுவது ஒன்று, படிப்பது ஒன்றா?

பதில்: ஆமாம், அப்படித்தான். நடுவில் இருந்த 'க' வல்லினமாக ஒலித்த க இல்லை, நம் 'மகன்' சொல்லில் வருகிற மாதிரி மெத்தென்ற ஒலி. அது தேய்ந்து காணாமல் போக, இரண்டு பக்கமும் இருந்த உயிர்கள் ஒட்டிக்கொண்டு நெடிலாகிவிட்டன. 'மங்கோலியர்களின் ரகசிய வரலாறு' என்ற பழைய மங்கோலிய நூலைச் சீன எழுத்தில் எழுதிவைத்த பிரதியில் நடுக்கட்டத்தையே பார்க்கலாம்: ஹுல-அன், ப-அதுர். க போய்விட்டது, உயிர்கள் இன்னும் ஒட்டவில்லை. நாமும் பெருமகனைப் பெருமான் ஆக்கியவர்கள்தானே, அகப்பையை ஆப்பை என்பவர்கள்தானே! அப்புறம், 'வீரன்' என்ற பொருளுள்ள இதே பகதுர்தான் பாரசீகம் வழியாக இங்கே 'ராவ் பகதூர்' ஆக வந்து சேர்ந்தது.

கேள்வி: சரி, க போனது புரிகிறது. இறைச்சிக்குப் பழைய சொல் 'மிகன்', இப்போது 'மஹ்'. இகரம் எங்கே போனது?

பதில்: அடுத்த அசையில் இருந்த அகரம் அதை விழுங்கிவிட்டது. கண் என்று பொருள்படும் 'நிதுன்' இன்று 'நுத்', அங்கே விழுங்கியது உகரம். நாம் நிலத்தை 'நெலம்' என்பதும் பின்னால் வரும் அகரத்தின் வேலைதான், ஆனால் நாம் பாதி வழியில் நின்றுவிட்டோம்.

எனக்கு ரொம்பப் பிடித்த சொல் 'சிலகுன்', அதாவது கல். இன்று அது 'சுலூ'. இகரம் முதலிலேயே மாறியிருந்தால் பக்கத்து அகரத்தைப் பார்த்து 'சலூ' என்றல்லவா ஆகியிருக்கும்? ஆகவில்லை, அதனால் முதலில் 'அகு' என்பது 'ஊ' ஆகி, அதற்குப் பிறகுதான் இகரம் அந்த ஊகாரத்தைப் பார்த்து உகரமாகியிருக்க வேண்டும். தேதி போட்ட சாசனம் எதுவும் தேவையில்லை, எது முன்னே எது பின்னே என்று அந்த ஒரு சொல்லே சொல்லிவிடுகிறது.

எல்லா இடத்திலும் இகரமே தோற்றது என்று நினைத்துவிட வேண்டாம். ரஷ்யாவில் வோல்கா ஆற்றின் கீழ்ப்பகுதியில் வாழும், மங்கோலிய மொழிக் குடும்பத்தைச் சேர்ந்த மொழி பேசும் கல்மிக்குகளிடம் கதை தலைகீழ். குதிரைக்குப் பழைய சொல் 'மொரி'. மங்கோலியாவில் கடைசி இகரம் பாதிதான் கேட்கும், ஒகரம் அப்படியே இருக்கிறது. கல்மிக்கிலோ இகரம் மறைவதற்கு முன்னால் ஒகரத்தையே மாற்றிவிட்டது. 'ஒ' சொல்லக் குவிக்கிற உதட்டை அப்படியே வைத்துக்கொண்டு 'எ' சொல்லிப் பாருங்கள், கல்மிக்குக் குதிரையின் உயிரெழுத்து அதுதான்.