மகள் வரலாறு படிக்கட்டும், கடன் யார் பெயரில்?

கேள்வி: இருபது வருடங்களாக நியூஜெர்சியில் இருக்கிறோம். மகளுக்கு 2026 செப்டம்பரில் ஒரு சிறிய லிபரல் ஆர்ட்ஸ் (கலை, மொழி, அறிவியல் என்று பரந்த இளநிலைப் படிப்பு தரும்) கல்லூரியில் வரலாறு படிக்க இடம் கிடைத்திருக்கிறது. வருடச் செலவு 84,000 டாலர். கல்லூரி அனுப்பிய உதவித்தொகைக் கடிதத்தின் நகலை இணைத்திருக்கிறேன். கணவர், "வரலாறு படிக்கவா இவ்வளவு கடன்? கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுக்கச் சொல்" என்கிறார். மகள் அவரிடம் பேசுவதையே நிறுத்திவிட்டாள். எனக்கு 52 வயது. யார் பக்கம் நிற்பது என்றே தெரியவில்லை.
ஒரு தாய், நியூஜெர்சி

பதில்: சகோதரி, இரண்டு பேருமே பாதி சரி. கடனைப் பற்றி உங்கள் கணவர் பயப்படுவது நியாயம். பாடத்தைப் பற்றி மகள் பிடிவாதமாக இருப்பதும் நியாயம். ஆனால் வீட்டில் நடக்கும் சண்டை பாடத்தைப் பற்றியதாகவே இருக்கிறது, விலையைப் பற்றி யாரும் பேசவில்லை.

முதலில் அந்தக் கடிதத்தை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றின் கீழ் ஒன்றாக நான்கு வரி இருக்கிறது: கிராண்ட் (திருப்பிக் கட்ட வேண்டாத உதவி) 46,000, மாணவர் கடன் 5,500, வொர்க் ஸ்டடி 2,500, பேரன்ட் பிளஸ் கடன் (பெற்றோர் பெயரில் அரசு தரும் கடன்) 20,000. எல்லாவற்றையும் கூட்டி 74,000 டாலர் 'உதவி' என்று போட்டு, கடைசியில் நீங்கள் கட்ட வேண்டியது 10,000 என்று முடித்திருக்கிறார்கள். ஒரு பேனாவை எடுத்து கிராண்டைத் தவிர மற்ற மூன்று வரிகளையும் அடித்துவிடுங்கள். கடன் உதவி இல்லை, வொர்க் ஸ்டடி உங்கள் மகள் வேலை பார்த்துச் சம்பாதிக்க வேண்டிய பணம். ஆக உண்மையான விலை வருடத்துக்கு 38,000 டாலர், நான்கு வருடத்துக்கு 1,52,000, அதுவும் கட்டணம் ஒரு டாலர்கூட ஏறாவிட்டால்.

இப்போது கடனைப் பிரித்துப் பார்ப்போம். மகள் தன் பெயரில் வாங்கும் ஃபெடரல், அதாவது மத்திய அரசுக் கடனுக்கு உச்சவரம்பு உண்டு: முதல் வருடம் 5,500, இரண்டாவது 6,500, அப்புறம் வருடத்துக்கு 7,500, நான்கு வருடத்துக்கு மொத்தம் 27,000 டாலர். 2025-26க்கான வட்டி 6.39 சதவீதம். அதே வட்டியில் பத்து வருடத்தில் அடைக்க நினைத்தால் மாதம் சுமார் 305 டாலர் வரும். வரலாறு படித்துவிட்டு ஒரு சாதாரண வேலையில் சேர்ந்தாலும், கொஞ்சம் இறுக்கிப் பிடித்தால் சமாளிக்கக்கூடிய தொகைதான். சம்பளம் குறைவாக இருந்தால் வருமானத்துக்கு ஏற்றபடி கட்டும் வழியும் அவளுக்கு இருக்கிறது.

எனக்குக் கவலை தருவது பேரன்ட் பிளஸ் வரிதான், ஏனென்றால் அது உங்கள் பெயரில் வருகிறது. 2025 ஜூலையில் கையெழுத்தான புதிய சட்டத்தின்படி, 2026 ஜூலை 1 முதல் புதிதாக வாங்குபவர்களுக்கு ஒரு பிள்ளைக்கு வருடம் 20,000, மொத்தம் 65,000 டாலர்தான் வரம்பு. உங்கள் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். முதல் வருடம் 20,000, இரண்டாம் வருடம் 19,000, மூன்றாம் வருடம் 18,000 வாங்கிவிட்டால், நான்காம் வருடம் இன்னொரு 18,000 தேவைப்படும்போது வரம்பில் 8,000தான் மிச்சமிருக்கும். கடைசி வருடத்தில், படிப்பை நிறுத்தவும் முடியாத நேரத்தில், மீதி 10,000 டாலருக்கு நீங்கள் தனியார் கடனுக்குத்தான் ஓட வேண்டிவரும், அங்கேயும் பெற்றோர் சேர்ந்து கையெழுத்துப் போடச் சொல்வார்கள்.

இன்னொன்று. இந்தப் புதிய பேரன்ட் பிளஸ் கடனுக்கு வருமானத்தைப் பார்த்துத் தவணையைக் குறைக்கும் திட்டம் கிடையாது. 65,000 டாலருக்கு 20 வருடத் தவணை. 2025-26 வட்டியான 8.94 சதவீதமே தொடர்கிறது என்று வைத்தால் மாதம் சுமார் 580 டாலர், கட்டி முடிக்கும்போது 1,39,000க்கு மேல் போயிருக்கும். மகள் பட்டம் வாங்கும்போது உங்களுக்கு 56. கடன் தீரும்போது 76. தயவுசெய்து இந்த ஒரு வரியைக் கணவரும் மகளும் பக்கத்தில் இருக்கும்போது சத்தமாகப் படியுங்கள்.

சரி, படிப்பு பலன் தருமா? ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழக ஆய்வு மையம் 2020இல் லிபரல் ஆர்ட்ஸ் கல்லூரிகளைப் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டது. படிப்பில் சேர்ந்து பத்து வருடம் கழித்து, செலவு போக மிஞ்சும் பலனைப் பார்த்தால், லிபரல் ஆர்ட்ஸ் கல்லூரிகளின் இடைநிலை அளவு 62,000 டாலர்; எல்லாக் கல்லூரிகளையும் சேர்த்தால் 1,07,000. நாற்பது வருடம் கழித்துப் பார்த்தால் தலைகீழ்: லிபரல் ஆர்ட்ஸ் கல்லூரிகளுக்கு 9,18,000, எல்லாக் கல்லூரிகளுக்கும் சேர்த்து 7,23,000. அதாவது இந்தப் படிப்பின் காசு தாமதமாக வருகிறது, கடன்காரனோ முதல் வருடமே வாசலில் நிற்கிறான். அந்த முதல் பத்து வருடத்தைத் தாண்டும் அளவுக்குக் கடன் சிறியதாக இருந்தால் போதும். (இது கல்லூரிகளின் கணக்கு, வரலாற்றுத் துறையின் கணக்கு இல்லை. அங்கே பொருளாதாரமும் அறிவியலும் படிப்பவர்களும் இதில் அடக்கம்.) உங்கள் மகளின் கல்லூரியில் வரலாறு முடித்தவர்கள் என்ன சம்பாதிக்கிறார்கள் என்பதை அரசின் காலேஜ் ஸ்கோர்கார்டு தளத்தில் தேடச் சொல்லுங்கள். ஃபெடரல் உதவி பெற்ற மாணவர்களை மட்டுமே அது கணக்கில் எடுக்கிறது, துறை ரொம்பச் சிறியதாக இருந்தால் எண்ணே போட மாட்டார்கள், அதையும் மனதில் வையுங்கள்.

என் யோசனை இதுதான். மகள் பெயரில் 27,000 டாலர் வரை போகட்டும், பேரன்ட் பிளஸில் நீங்கள் கையெழுத்துப் போட வேண்டாம். இந்த வாரமே கல்லூரியின் நிதியுதவி அலுவலகத்துக்கு மேல்முறையீடு எழுதுங்கள். வருமானம் குறைந்தது, மருத்துவச் செலவு, இதே தரமுள்ள வேறு கல்லூரி கூடுதலாகக் கொடுத்தது, எது உண்மையோ அதை ஆதாரத்தோடு வையுங்கள். கேட்டதற்காக இடத்தைப் பறிக்க மாட்டார்கள். அதற்கும் விலை இறங்காவிட்டால் கல்லூரியை மாற்றுங்கள், பாடத்தை மாற்றாதீர்கள். நியூஜெர்சியின் அரசுப் பல்கலைக்கழகமான ரட்கர்ஸிலும் வரலாறு இருக்கிறது, உள்மாநிலத்தவருக்கான குறைந்த கட்டணத்தில். மனமில்லாமல் கம்ப்யூட்டர் சயின்ஸில் சேர்ந்து நடுவில் விட்டுவிட்டால் கடன் இருக்கும், பட்டம் இருக்காது, அதைவிட மோசமான நிலை எனக்குத் தெரிந்து வேறில்லை.

கேள்வி: ஆங்கில இலக்கியம் படித்து ஒரு தொண்டு நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். ஃபெடரல் கடன் 26,000 டாலர். வேறு வேலைக்குப் போகலாமா?
வாசகர், டெக்சாஸ்

பதில்: போகும் முன் ஒன்றைப் பாருங்கள் தம்பி. 2007இல் வந்த பொதுச்சேவைக் கடன் மன்னிப்புத் திட்டத்தில், அரசிலோ வரிவிலக்கு பெற்ற தொண்டு நிறுவனத்திலோ முழுநேர வேலையில் இருந்தபடி, தகுதியுள்ள தவணைத் திட்டத்தில் 120 மாதத் தவணை கட்டினால் மீதி ஃபெடரல் கடன் தள்ளுபடி. உங்கள் நிறுவனம் தகுதியானதா என்பதை இப்போதே படிவம் கொடுத்து உறுதி செய்யுங்கள், பத்தாவது வருடம் வரை காத்திருக்காதீர்கள். வட்டி குறைகிறதே என்று தனியார் வங்கிக்குக் கடனை மாற்றினால் இந்தத் தகுதி அன்றோடு போய்விடும், திரும்ப வராது.