செல்லப்பிராணி: கேள்வி பதில்

கேள்வி: எங்கட பூனை ரெண்டு நாளாச் சாப்பிடேல்லை. உடம்பும் சுடுது. அரைப் பனடோல் கரைச்சுப் பருக்கலாமோ?
– வாசகி, கோண்டாவில்

பதில்: வேண்டவே வேண்டாம். பனடோலில் உள்ள மருந்தான பரசிற்றமோலைச் சிதைக்கும் நொதியம் பூனையின் ஈரலில் மிகக் குறைவு. அரைக் குளிசையே, அதாவது 250 மில்லிகிராம், வளர்ந்த பூனையைக் கொன்றுவிடக்கூடும். இரத்தம் ஒட்சிசனைச் சுமக்க முடியாமல் போகும்; முரசு மண்ணிறமாகும், முகமும் பாதங்களும் வீங்கும். ஏற்கெனவே கொடுத்திருந்தால் அறிகுறி தெரியும்வரை காத்திராதீர்கள். உப்புத்தண்ணீர் பருக்கி வாந்தியெடுக்க வைக்கவும் வேண்டாம். குளிசை அட்டையோடு உடனே மிருக வைத்தியரிடம் ஓடுங்கள். முறிமருந்து உண்டு, ஆனால் வேளைக்கே ஏற்ற வேண்டும்.

கை வைத்துப் பார்த்துக் காய்ச்சல் என்று சொல்ல முடியாது. பூனையின் இயல்பான உடற்சூடே 38 முதல் 39.2 பாகை செல்சியஸ். டிஜிற்றல் வெப்பமானியில் வசலீன் பூசி, மலவாயிலில் 2 சென்ரிமீற்றர் வைத்துப் பாருங்கள்; 39.5ஐத் தாண்டினால் காய்ச்சல்தான்.

காய்ச்சலை விட எங்களுக்குக் கவலை தருவது இரண்டு நாள் பட்டினி. பட்டினி கிடக்கும் பூனையின் ஈரலில் கொழுப்புப் படியும். கொழுத்த பூனைக்கு ஆபத்து இன்னும் கூட. ஆகவே இன்றைக்கே காட்டுங்கள். அதுவரை மீன் அவித்த தண்ணீரை இளஞ்சூட்டில் வைக்கலாம். உப்பு, வெங்காயம் கூடாது. வெங்காயமும் செங்குருதிக் கலங்களை உடைக்கும். கடுவனாக இருந்து, சிறுநீர் போகாமல் முக்கினால் ஒரு மணித்தியாலமும் தாமதிக்காதீர்கள்.