82 சதவீதம் காட்டினால் பூஜ்ஜியம் போடலாமா?

கேள்வி: கல்லூரியில் பாடம் எடுக்கிறேன். மாணவி ஒருவர் கொடுத்த ஆங்கிலக் கட்டுரையை, ஏஐ எழுத்தைக் கண்டுபிடிக்கும் இணையக் கருவி ஒன்றில் போட்டுப் பார்த்தேன். 82 சதவீதம் என்று காட்டியது. தானே எழுதியதாக அவர் சாதிக்கிறார். பூஜ்ஜியம் போடலாமா?

பதில்: போடாதீர்கள். அவர் ஏமாற்றியிருக்க 82 சதவீத வாய்ப்பு உண்டு என்பதல்ல அந்த எண்ணின் பொருள். சில கருவிகளில் அது இயந்திர நடையாகத் தெரிந்த வாக்கியங்களின் பங்கு மட்டுமே. அடுத்து வரும் சொல்லை எளிதாக ஊகிக்க முடிகிற எழுத்தை இந்தக் கருவிகள் சந்தேகிக்கும். தெரிந்த சொற்களை வைத்துப் பிழையில்லாமல் எழுதப் பார்ப்பவரின் ஆங்கிலமும் அப்படித்தானே இருக்கும்? ஆங்கிலம் தாய்மொழியல்லாதவர்கள் எழுதிய 91 டோஃபல் (ஆங்கிலத் திறன் தேர்வு) கட்டுரைகளை 2023-இல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் 7 கருவிகளிடம் கொடுத்தார்கள். சராசரியாகப் பாதிக்கும் மேற்பட்டவை இயந்திரம் எழுதியவை என்று தவறாக முத்திரை குத்தப்பட்டன.

சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன்ஏஐ நிறுவனமே 2023 ஜனவரியில் ஒரு கருவியை வெளியிட்டது. அவர்களுடைய சோதனையில் அது ஏஐ எழுத்தில் 26 சதவீதத்தைத்தான் பிடித்தது. மனிதர் எழுதியதில் 9 சதவீதத்தின் மேல் வீண்பழி போட்டது. 100 பேர் வகுப்பில் 10 பேர் ஏஐயிடம் எழுதி வாங்கியதாக வைத்துக் கணக்கிடுங்கள். சிக்குவது 2 அல்லது 3 பேர்; தாமே எழுதிய 90 பேரில் 8 பேர் மாட்டுவார்கள். துல்லியம் போதவில்லை என்று அதே ஆண்டு ஜூலையில் அந்தக் கருவியை நிறுத்திவிட்டார்கள்.

எண்ணை ஒதுக்கிவைத்துவிட்டு, கட்டுரையின் மூலக்கோப்பைக் கேளுங்கள். கூகுள் டாக்ஸ் போன்றவற்றில் பதிப்பு வரலாறு இருக்கும்: அடித்துத் திருத்திய தடம் தெரிகிறதா, 900 சொற்களும் ஒரே நொடியில் வந்து விழுந்தனவா? (வேறொரு கோப்பில் எழுதி ஒட்டுபவர்களும் உண்டு, அங்கேயே தீர்ப்பெழுதிவிடாதீர்கள்.) அடுத்து மேற்கோள்களை ஒவ்வொன்றாகத் தேடுங்கள். இல்லாத நூலைச் சான்று காட்டியிருந்தால், யார் எழுதினார் என்று நிரூபிக்காமலேயே அதற்காக மதிப்பெண் குறைக்கலாம். உங்கள் கையில் இருப்பதிலேயே உறுதியான பிடி இதுதான். பிறகு 10 நிமிடம் பேசுங்கள். "இந்த எடுத்துக்காட்டை ஏன் எடுத்தீர்கள்? எதை எழுதிவிட்டு நீக்கினீர்கள்?" பயத்தில் திணறுவதைக் குற்றமாக எடுத்துக்கொள்ளாமலிருக்க, இன்னொரு ஆசிரியரையும் உடன் வைத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்று. அவருடைய கட்டுரையை, ஒருவேளை பெயரோடு, அவர் அனுமதியில்லாமல் ஏதோ ஒரு தளத்தில் ஏற்றியிருக்கிறீர்கள். அதை அவரிடம் சொல்லிவிடுங்கள். ஏஐயை எதுவரை பயன்படுத்தலாம் என்று கட்டுரை கொடுத்த அன்றே வகுப்பில் சொல்லியிருந்தீர்களா? இல்லையென்றால், சந்தேகம் மெய்யானாலும் இந்தத் தடவை மறுபடி எழுதச் சொல்வதோடு விட்டுவிடுவதுதான் நியாயம்.