செவ்வாய்க்கிழமையின் நிறம்

அன்புள்ள ஐயா,

கொச்சைச் சொற்களைப் பற்றி நீங்கள் அவ்வப்போது எழுதுவதைப் படிக்கிறேன். என் கேள்விகள் கொஞ்சம் விசித்திரமாக இருக்கலாம்.

சின்ன வயதிலிருந்தே கிழமைகளுக்கு எனக்கு நிறம் உண்டு. செவ்வாய்க்கிழமை அடர்பழுப்பு. கல்யாணி ராகம் மஞ்சள். வீட்டில் சொன்னால் சிரிப்பார்கள். அண்மையில் ஓர் ஓவியப் பயிலரங்குக்குப் போனேன். முக்கோணம் மஞ்சள், சதுரம் சிவப்பு, வட்டம் நீலம், இது ஓவியர் காண்டின்ஸ்கி வகுத்த விதி என்றார்கள். எனக்கு வட்டம்தான் மஞ்சள் என்றேன். 'உங்கள் கண் இன்னும் பழகவில்லை' என்று சொல்லிவிட்டார் பயிற்றுநர். இது ஏதாவது குறைபாடா?

இன்னொன்று. போரில் யாரும் சாகாத நாளில் 'ஸீரோ கில்டு' (சுருக்கமாக 0K) என்று எழுதிவைத்ததிலிருந்துதான் 'ஓகே' வந்தது என்று ஒரு ஃபார்வர்டு படித்தேன். உண்மையா? கடைசியாக, 'மொக்கை' என்ற சொல் எனக்கு உருண்டையாக, சாம்பல் நிறத்தில் தெரிகிறது. ஒரு கொச்சைச் சொல்லின் பிறப்புக்கும் அதன் நிறத்துக்கும் தொடர்பு இருக்குமா?

என் பெயரை வெளியிட வேண்டாம்.

*

அன்புள்ள வாசகிக்கு,

பெயரை எடுத்துவிட்டேன். செவ்வாய்க்கிழமை பழுப்பு என்று சொல்வதற்கு ஒருவர் பெயரை மறைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறதே என்பதுதான் மனதை உறுத்தியது. அதோடு, ஒரு வாரமாக நான் 'மொக்கை' என்ற சொல்லோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். அந்த நேரம் பார்த்து அது உருண்டை என்று ஒரு கடிதம் வந்தால் எழுதாமல் எப்படி இருப்பது?

முதலில் ஓகேயை முடித்துவிடுகிறேன். போர்க்களக் கதை கட்டுக்கதை. 1839 மார்ச் 23 அன்று 'பாஸ்டன் மார்னிங் போஸ்ட்' நாளிதழில் அந்தச் சொல் அச்சாகியிருக்கிறது. 'ஆல் கரெக்ட்' என்பதை வேண்டுமென்றே தப்பும் தவறுமாக 'ஓல் கொரெக்ட்' என்று எழுதி, அதன் முதலெழுத்துகளைப் போடுவது அந்தக் காலத்துப் பத்திரிகைக்காரர்களின் வேடிக்கை. ஆலன் வாக்கர் ரீட் என்ற ஆய்வாளர் பழைய பத்திரிகைகளைப் புரட்டி 1960களில் இதை நிறுவினார். அதாவது, உலகம் முழுக்கப் புழங்கும் ஒரு சொல் ஒரு மொக்கை ஜோக்கிலிருந்து வந்தது. உங்களுக்கு வந்த ஃபார்வர்டு இதைவிட எவ்வளவு உருக்கமாக இருக்கிறது பாருங்கள்! அதனால்தான் அதை நம்பியிருக்கக் கூடாது. ஒரு சொல்லின் பிறப்புக் கதை சினிமாவுக்கு எடுக்கும்படி இருந்தால், யாரோ உட்கார்ந்து எழுதியிருக்கிறார்கள் என்று அர்த்தம். படித்தவர்தானே நீங்கள், ஃபார்வர்டை எல்லாமா கடிதத்தில் வைத்து அனுப்புவது?

உண்மையான பிறப்புகள் பெரும்பாலும் சப்பென்று இருக்கும். 'பேஜார்' பாரசீகத்தின் 'பேஸார்': சலித்துப்போனவன். 'பேமானி' ஈமான், அதாவது நேர்மை, இல்லாதவன். 'கஸ்மாலம்' வடமொழியில் அழுக்கு. அது ஒன்றில் மட்டும் எனக்குக் கொஞ்சம் ருசி உண்டு. கீதையின் இரண்டாம் அத்தியாயத்தில் வில்லைப் போட்டுவிட்டு உட்கார்ந்த அர்ஜுனனிடம், இந்தக் கஸ்மலம் உன்னை எங்கிருந்து பிடித்தது என்றுதான் கண்ணன் ஆரம்பிக்கிறான். தெருச் சண்டையில் அந்தச் சொல் காதில் விழும்போதெல்லாம் எனக்குத் தேர்தான் ஞாபகம் வரும்.

சரி, மொக்கை. இதை அவ்வளவு சீக்கிரம் விட மாட்டேன்.

பேசியே கொல்கிறவனுக்குத் தமிழில் என்னென்ன பெயர் வைத்திருக்கிறோம் என்று எண்ணிப் பாருங்கள். அறுவை. ரம்பம். பிளேடு. கடி. எல்லாம் வெட்டுகிற, கிழிக்கிற சாமான்கள். காதில் விழுகிற ஒன்றுக்குத் தோலில் படுகிற ஒன்றின் பெயர். அப்புறம் என்ன ஆயிற்று? இளைஞர்கள் வந்து அத்தனை கூரையும் தூக்கிப் போட்டுவிட்டு 'மொக்கை' என்றார்கள். கூர் போன பென்சில், கூர் போன கத்தி. குற்றம் அதேதான், கருவி மட்டும் நேர்மாறு. கூர்மையான ரம்பம் சீக்கிரம் அறுத்து முடித்துவிடும். மொக்கையான ரம்பத்தின் கீழ் கழுத்தைக் கொடுத்தவனுக்குத்தான் தெரியும். இதைக் கண்டுபிடித்தவர் யார், எந்த ஊர், எந்தப் படம் என்று கேட்கிறார்கள். யாராக இருந்தால் என்ன? ஒருவன் சொன்னான், கேட்ட பத்துப் பேருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை, அவ்வளவுதான். கொச்சைச் சொல் பிறக்கிற இடத்தில் புலன்தான் இருக்கிறது. கதை பின்னால் வந்து ஒட்டிக்கொள்கிறது.

நீங்கள் உருண்டை என்கிறீர்கள். கண்ணாடி முன் நின்று மெதுவாகச் சொல்லிப் பாருங்கள். 'மொ': உதடு மூடித் திறந்து குவிகிறது. 'க்கை': ஒரு முட்டுமுட்டி நிற்கிறது. உருண்டையான ஒன்று போய்ச் சுவரில் இடித்த மாதிரி. மொட்டு, மொட்டை, மொண்ணை, மொழுமொழு எல்லாவற்றையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், முனை உள்ளது ஒன்றாவது இருக்கிறதா? (மொறுமொறு என்று ஒன்று வந்து என் வாதத்தைக் கெடுக்கும். கெடுக்கட்டும்.) மூளை ஆய்வாளர்கள் ராமச்சந்திரனும் ஹப்பார்டும் 2001இல் எழுதிய கட்டுரையில் இரண்டு உருவங்கள் உண்டு. ஒன்று முள்முள்ளாக, மற்றது மழமழவென்று. இதில் 'கிக்கி' எது, 'பூபா' எது என்று கேட்டால் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேராவது முள்ளைத்தான் கிக்கி என்பார்கள். அமெரிக்க மாணவர்களோடு தமிழ் பேசுகிறவர்களிடமும் இதைக் கேட்டுப் பார்த்திருக்கிறார்கள். கேட்டிருக்கவே வேண்டாம். ஒலிகளுக்கு வல்லினம், மெல்லினம், இடையினம் என்று கைவிரலால் தடவிப் பார்த்த மாதிரி பெயர் வைத்தவர்கள் நாம்.

இந்த இடத்தில் அக்காவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

அவள் என்னைவிட ஐந்து வயது மூத்தவள். எண்களுக்கு அவளுக்கு நிறம் உண்டு. ஏழு அரக்குச் சிவப்பு. கணக்கு நோட்டில் ஏழு வரும்போது பேனாவைக் கொஞ்சம் நிறுத்துவாள். 'நீல மையில எழுதினா பொய் சொல்ற மாதிரி இருக்குடா' என்பாள். எனக்குப் பொறாமை தாங்கவில்லை. எனக்கும் தெரியுமே என்று அளந்துவிட்டேன். ஒன்று வெள்ளை, இரண்டு மஞ்சள், மூன்று ஊதா என்று ஒன்பது வரை. அவள் மறுக்கவில்லை. கிழித்த காலண்டர் தாளின் பின்பக்கத்தில் எல்லாவற்றையும் எழுதி எங்கேயோ வைத்தாள். ஒரு மாதம் கழித்து, தலை பின்னிக்கொண்டே, 'மூணு என்ன கலர்?' என்றாள். பச்சை என்றேன். ஒன்பதில் இரண்டுதான் தேறியது. தாளை என் முன்னால் விரித்து வைத்துவிட்டுப் பின்னலைத் தொடர்ந்தாள். திட்டவே இல்லை.

1987இல் உளவியலாளர் சைமன் பேரன்-கோஹனும் அவருடைய சகாக்களும் இதையே சோதனையாகச் செய்தார்கள். முன்னறிவிப்பில்லாமல் நாள் கழித்துத் திரும்பக் கேட்பது. உண்மையாகவே நிறம் தெரிகிறவர்கள் மாற்றிச் சொல்வதில்லை, மற்றவர்கள் உளறுகிறார்கள். அக்காவுக்கு ஒரு காலண்டர் தாள் போதுமாயிருந்தது.

மாட்டிக்கொண்ட ஆத்திரத்தில் நான் செய்ததுதான் கேவலம். அந்த வாரம் வீட்டுக்கு வந்திருந்த உறவினர்கள் முன்னால், 'அக்காவுக்கு ஏழு செவப்பாம்!' என்று போட்டு உடைத்தேன். எல்லோரும் சிரித்தார்கள். ஒரு மாமா, அப்படியானால் எழுபத்தேழு ரெண்டு மடங்கு சிவப்பா என்று கேட்டார். அக்கா எழுந்து உள்ளே போனாள். அதற்குப் பிறகு பல வருடங்கள் அவள் வாயிலிருந்து ஒரு நிறமும் வரவில்லை. நீங்கள் 'வீட்டில் சொன்னால் சிரிப்பார்கள்' என்று மூன்று சொல்லில் எழுதிவிட்டீர்கள். நான் அந்த வரியிலேயே கொஞ்ச நேரம் நின்றுவிட்டேன்.

குறைபாடா என்று கேட்டிருந்தீர்கள். இல்லை. ஜூலியா சிம்னரும் குழுவினரும் 2006இல் வெளியிட்ட ஆய்வில் நூற்றுக்கு நான்கு பேர் அளவில் ஏதாவது ஒரு வகைப் புலன்கலப்பு (ஒரு புலனைத் தொட்டால் இன்னொன்றும் கூடவே விழித்துக்கொள்வது) இருந்தது. அதிலும் கிழமைக்கு நிறம் தெரிகிறவர்களே அதிகம். மிகச் சாதாரணமான ரகம் நீங்கள். ஏமாற்றமாக இருந்தால் நான் பொறுப்பில்லை.

உங்கள் பயிற்றுநரை மன்னித்துவிடலாம், அவர் யாரோ சொல்லிக் கொடுத்ததைச் சொல்கிறார். உங்களைத்தான் மன்னிக்க முடியவில்லை. ஐம்பது பேர் எதிரில் வட்டம் மஞ்சள் என்று சொல்லத் தைரியம் இருந்ததல்லவா, அப்புறம் எதற்காகக் 'குறைபாடா' என்று என்னிடம் வந்து நிற்கிறீர்கள்? காண்டின்ஸ்கி 1923இல் ஜெர்மனியின் பௌஹவுஸ் கலைப் பள்ளியில் ஒரு தாளைச் சுற்றுக்கு விட்டார்: மூன்று உருவம், மூன்று நிறம், பொருத்துங்கள் என்று. தன் பொருத்தமே பிரபஞ்ச விதி என்று அவருக்குத் தோன்றியது. அதே பள்ளியில் இருந்த ஆஸ்கர் ஷ்லெம்மருக்கே அது ஒப்பவில்லை. பிற்பாடு தாமஸ் ஜேக்கப்சன் என்ற உளவியலாளர் ஓவியர்கள் அல்லாதவர்களிடம் அதே தாளைக் கொடுத்துப் பார்த்தபோது முக்கோணம் சிவப்பு, சதுரம் நீலம், வட்டம் மஞ்சள் என்ற பக்கம்தான் ஆட்கள் சாய்ந்தார்கள். வட்டத்துக்குச் சூரியன், முக்கோணத்துக்குச் சாலை எச்சரிக்கைப் பலகை. காண்டின்ஸ்கி எக்காளத்தில் மஞ்சளைக் கேட்டார், செல்லோவில் கருநீலத்தைக் கேட்டார். கேட்டதில் தப்பே இல்லை. எல்லோருக்கும் கேட்டாக வேண்டும் என்றதுதான் தப்பு. ஓகேக்குப் போர்க்களத்தைக் கட்டியவரும் அதைத்தான் செய்தார். நிறமோ சொல்லோ முதலில் ஒட்டிக்கொள்கிறது, காரணத்தைப் பிறகு போய்த் தேடி எடுத்து வருகிறோம்.

இசைக்காரர்களிடமும் இதே ரகளைதான். மேற்கத்திய இசையின் 'சி மேஜர்' என்ற சுருதி, ரஷ்ய இசையமைப்பாளர் ரிம்ஸ்கி-கோர்சகோவுக்கு வெள்ளை, ஸ்க்ரியாபினுக்குச் சிவப்பு. டி மேஜரில் மட்டும் இருவரும் ஏறக்குறைய ஒத்துப்போனார்கள், பொன்னிறம் என்று. பக்கத்தில் இருந்த இன்னொரு இசையமைப்பாளர் ரக்மனினோவ் இருவரையும் நம்பவில்லை. நம் பக்கம் இசை நூலாசிரியர் சாரங்கதேவர் 13ஆம் நூற்றாண்டிலேயே ஸ்வரங்களுக்கு நிறம் எழுதிவிட்டார்: ஸட்ஜம் தாமரை, காந்தாரம் பொன், மத்தியமம் குந்தமலர் வெள்ளை, பஞ்சமம் கருப்பு. பஞ்சமம் கருப்பா? எனக்கு மனது ஒப்பவில்லை; ஒப்பாததற்கும் காரணம் கிடையாது.

'ராகம்' என்ற சொல்லுக்கே வடமொழியில் சாயம், நிறம் என்று பொருள் உண்டு, ஆகவே உங்கள் மஞ்சள் கல்யாணி மரபுக்கு உட்பட்டதுதான் என்று முடிக்க எனக்குக் கை பரபரக்கிறது. முடித்தால் நானும் ஃபார்வர்டு எழுதுகிறவன்தான். செவ்வாயையே பாருங்களேன். பெயரிலேயே செம்மை இருக்கிறது. உங்கள் மூளை அதைக் காதில் வாங்கிக்கொள்ளாமல் பழுப்பு என்கிறது.

எங்கிருந்து வருகிறது இந்த நிறம்? சிலருக்குக் காரணம் அகப்பட்டிருக்கிறது. அமெரிக்காவில் குளிர்பதனப் பெட்டியில் ஒட்டி விளையாடும் காந்த எழுத்துகள் உண்டு. 2013இல் விட்ஹாஃப்ட், வினாவர் என்ற இருவர், எழுத்துக்கு நிறம் தெரியும் பதினொரு பேரைத் தேடிப் பிடித்தார்கள். அத்தனை பேரின் நிறங்களும் சின்ன வயதில் விளையாடிய அந்தப் பொம்மை எழுத்துகளின் நிறங்களோடு பொருந்தின. மாறாக, நாவலாசிரியர் நபகோவ் சிறுவனாக எழுத்துக் கட்டைகளை அடுக்கும்போது, நிறமெல்லாம் தப்பாக இருக்கிறது என்று அம்மாவிடம் புகார் சொன்னார். அம்மா சிரிக்கவில்லை. அவருக்கும் எழுத்துகளுக்கு நிறம் உண்டு, சில எழுத்துகளில் இருவரும் ஒத்துப்போனார்கள்.

உங்கள் கடிதம் வந்த அன்று இரவு அக்காவுக்குப் போன் போட்டேன். எடுத்த எடுப்பில் 'ஏழு?' என்றேன். 'அரக்கு' என்றாள். ஹலோகூடச் சொல்லவில்லை. தைரியம் வந்து உங்களைப் பற்றிச் சொன்னேன். செவ்வாய்க்கிழமை பழுப்பு, கல்யாணி மஞ்சள், மொக்கை சாம்பல்.

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், 'கிழமைக்கெல்லாமாடா கலர் இருக்கும்? உங்கிட்ட யாரோ அளக்குறாங்க. ஒரு மாசம் கழிச்சுக் கேட்டுப் பாரு' என்றாள்.

காலண்டர் தாளில் எழுதி வைத்திருக்கிறேன். அடுத்த மாதம் கடிதம் போடுகிறேன்.