நகையை அடகு வைத்து மலேசியா போகலாமா?

கேள்வி: நான் களுவாஞ்சிகுடியில் ஆசிரியை. மாமி மண்டூர் முருகனின் பக்தை. கண் மூடுவதற்குள் பத்துமலையைப் பார்த்துவிட வேண்டும் என்கிறா. டிசம்பர் விடுமுறையில் நான், கணவர், 18 வயது மகள், மாமி என்று நான்கு பேரும் போக யோசனை. ஒரு முகவர் கோலாலம்பூர், பினாங்கு, சிங்கப்பூர் என்று 6 இரவுக்கு ஆளுக்கு 3,20,000 ரூபாய் கேட்கிறார். சிங்கப்பூருக்குப் பதில் ரெடாங் தீவு என்றால் ஆளுக்கு 50,000 குறைவாம். சீட்டுக்காசு 6 லட்சம் கையில் இருக்கிறது. மிச்சத்துக்கு நகையை அடகு வைக்கலாமா, மகளின் பெயரில் உள்ள நிலையான வைப்பை உடைக்கலாமா?

பதில்: இரண்டும் வேண்டாம் டீச்சர். மொத்தம் 12,80,000, சீட்டுக்காசு போக 6,80,000 துண்டு விழுகிறது. பயணம் ஒரு வாரத்தில் முடிந்துவிடும், அடகு வட்டி முடியாது. வைப்பு மகளின் மேற்படிப்புக்கு என்று ஒதுக்கியது, அதைப் பற்றிப் பேச்சே வேண்டாம். துண்டு விழும் தொகையை எங்கே புரட்டுவது என்று கேட்கிறீர்கள். அந்தத் தொகை நியாயமானதா என்றல்லவா முதலில் பார்க்க வேண்டும்!

அதைப் பார்க்க யாருக்கும் காசு கொடுக்கத் தேவையில்லை. மலேசியாவுக்கு ஒரு தேசிய சுற்றுலாத் தளம் இருக்கிறது; படங்கள் அழகு, கணக்குப் போட அவ்வளவு உதவாது. அதைவிடப் பினாங்கு, திரங்கானு போன்ற மாநிலங்களின் சுற்றுலாத் தளங்களைப் பாருங்கள். பஸ் பாதை, வரைபடம், திருவிழா நாட்கள், நுழைவுக் கட்டணம் எல்லாம் அங்கேதான் கிடைக்கும். முகவர் தந்த பயண நிரலை ஒரு கொப்பியில் வரிவரியாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே அங்கே போட்டிருக்கும் விலையைக் குறியுங்கள்.

நான் உங்கள் நிரலை அப்படிப் பிரித்துப் பார்த்தேன். "நுழைவுக் கட்டணம் உட்பட" என்று தடித்த எழுத்தில் இருக்கிறதே, அதற்குக் கீழே வருபவை: பத்துமலைக் கோயில், பினாங்கு தண்ணீர்மலைக் கோயில், ஜோர்ஜ் டவுன் பழைய நகரம், சிங்கப்பூரில் மெர்லயன் சிலை, கார்டன்ஸ் பை த பேயின் இரவு விளக்குக் காட்சி. இவற்றில் ஒன்றுக்கும் கட்டணமே கிடையாது! கார்டன்ஸில் காசு கேட்பது கண்ணாடிக் கூடாரங்களுக்கு. அவை உங்கள் நிரலில் இல்லை. "பினாங்கு நகர்வலம், தனி வண்டி" என்று ஒரு வரி. ஜோர்ஜ் டவுனுக்குள் கேட் என்ற இலவச பஸ் ஜெட்டிக்கும் கொம்டார் கோபுரத்துக்கும் இடையில் சுற்றிக்கொண்டே இருக்கிறது. கோலாலம்பூர் சென்ட்ரலிலிருந்து பத்துமலை வாசலுக்கே கொமியூட்டர் ரயில் போகிறது, சில ரிங்கிட்தான் செலவு.

நிரலில் இல்லாத செலவையும் எழுதுங்கள். மலேசியாவில் வெளிநாட்டவர் தங்கும் அறைக்கு இரவொன்றுக்கு 10 ரிங்கிட் சுற்றுலா வரி உண்டு, ஹோட்டல்காரர் கையில் கேட்பார். இரண்டு அறை, ஐந்து இரவு என்றால் 100 ரிங்கிட். களுவாஞ்சிகுடியிலிருந்து கட்டுநாயக்கவுக்கு வான் பிடிக்கிற காசை நம் ஆட்கள் ஒருநாளும் பயணக் கணக்கில் சேர்ப்பதில்லை, அதையும் சேருங்கள்.

விலை பார்க்கும்போது ஓர் இடத்தில் கவனம். பல இடங்களில் இரண்டு விலை இருக்கும். "மைகார்ட்" என்று போட்டிருப்பது மலேசியக் குடிமக்களுக்கு. பினாங்கு மலை ரயிலும் அப்படித்தான். யூடியூப்பில் பார்த்த விலையை நம்பிப் போனால் கவுண்டரில் முகம் மாறும். சுற்றுலாத் தளம் என்பதும் ஒருவகை விளம்பரமே. நெரிசல், வெயில், முழங்கால் வலி பற்றியெல்லாம் அது பேசாது. பத்துமலைக்கு 272 படி, தண்ணீர்மலைக்கு 513. மாமியின் காலைக் கேட்டுவிட்டு முடிவெடுங்கள். பத்துமலையில் 140 அடி முருகன் சிலை அடிவாரத்திலேயே நிற்கிறது, கீழேயும் கோயில்கள் உண்டு. தைப்பூசத்துக்குப் போகலாமே என்று யாராவது ஆசை காட்டினால் மாமிக்காக மறுத்துவிடுங்கள், அந்தக் கூட்டத்தில் இளசுகளே திணறும்.

ரெடாங்கை இப்போதே வெட்டிவிடலாம். அது மலேசியாவின் கிழக்குக் கரையில், திரங்கானு மாநிலத்தில் இருக்கிறது. டிசம்பரில் நம் கடலைக் குழப்பும் அதே வடகீழ்ப் பருவக்காற்று அங்கேயும் அடிக்கும். நவம்பர் தொடக்கம் பெப்ரவரி வரை பெரும்பாலான விடுதிகள் பூட்டிக் கிடக்கும். அந்த மாதத்துக்கு அந்தத் தீவை விற்கிற ஆளிடம் மற்ற வரிகளையும் இருமுறை படிக்க வேண்டும்.

என் யோசனை, சிங்கப்பூரையும் விடுங்கள். நமக்கு அங்கே விசா தேவையில்லை என்பது உண்மைதான், ஆனால் இந்த நிரலிலேயே அறை வாடகை அதிகமான ஊர் அதுதான், மாமி கேட்டதும் அதுவல்ல. கோலாலம்பூரில் மூன்று இரவு, பினாங்கில் இரண்டு. இடையில் பட்டர்வர்த் வரை ரயில், நாலு மணித்தியாலம் சொச்சம். அங்கிருந்து ஃபெரியில் கடலைக் கடந்தால் ஜோர்ஜ் டவுன். அங்கேயும் பள்ளி விடுமுறை வரும், ரயில் இருக்கையை முந்திப் பிடியுங்கள். விமான நிலையத்திலிருந்து நகருக்கு அதிவேக ரயில் ஆளுக்கு 55 ரிங்கிட். நாலு பேர் என்றால் 220, அதற்குக் குறைவாகவே, போனில் செயலி வழியாகக் கூப்பிடும் ஒரு கிராப் வாடகை வண்டி வீட்டு வாசல்போல ஹோட்டல் வாசலில் இறக்கிவிடும்.

மலேசியாவுக்கு இ-விசா எடுக்க வேண்டும். அதோடு, போய் இறங்குவதற்கு முந்திய மூன்று நாளுக்குள் இணையத்தில் வருகை அட்டை நிரப்ப வேண்டும், அது முற்றிலும் இலவசம். தேடும்போது முதலில் வந்து நிற்கும் சில தளங்கள் அதற்கே டொலரில் காசு பிடுங்கும். தளத்தின் முகவரி "கவ் டொட் எம்வை" (gov.my) என்று முடிகிறதா என்று பார்த்த பிறகே கடவுச்சீட்டு இலக்கத்தைத் தட்டுங்கள். கடைகளில் கார்ட் கொடுக்கும்போது ரூபாயிலா ரிங்கிட்டிலா என்று மெஷின் கேட்டால் ரிங்கிட்டை அமத்துங்கள். ரூபாயை அமத்தினால் அவர்கள் வைத்த மாற்று விலை உங்கள் தலையில்.

முகவரே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மாமியோடு முதல் வெளிநாட்டுப் பயணம், விமான ரிக்கட்டையும் விசாவையும் அவரிடமே விடுங்கள். இரண்டுக்கும் தனித்தனி விலை எழுதித் தரச் சொல்லுங்கள். சிவில் விமான சேவைகள் அதிகாரசபையின் உரிமத்தைக் காட்டச் சொல்லுங்கள். விலை டொலரிலா ரூபாயிலா, பயணம் ரத்தானால் எவ்வளவு திரும்பும் என்பதும் எழுத்தில் வரட்டும். காசு நிறுவனத்தின் கணக்குக்குப் போகட்டும், அவருடைய சொந்தக் கணக்குக்கு வேண்டாம். ரிக்கட் வந்ததும் அதிலுள்ள பதிவு இலக்கத்தை விமான நிறுவனத்தின் தளத்தில் போட்டு நான்கு பெயரும் இருக்கிறதா என்று பாருங்கள். இப்படிக் கூட்டியும் 6 லட்சத்தைத் தாண்டினால் டிசம்பரை விட்டு ஏப்ரல் விடுமுறைக்குத் தள்ளுங்கள், இடைப்பட்ட மாதங்களில் சம்பளத்திலிருந்து அந்த மிச்சத்தைச் சேர்க்கலாம்.