கான்கிரீட்டுக்கு உள்ளிருந்தே தண்ணீர்: கேள்வி-பதில்

கேள்வி: கான்கிரீட் காயாமல் இறுகத் தளத்தின்மேல் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்துகிறோமே, போதாதா? உள்ளிருந்தும் நீர் தர வேண்டுமா?

பதில்: சாதாரண கலவைக்குத் தாராளமாகப் போதும். நீர்-சிமென்ட் விகிதம் (நீரின் எடையைச் சிமென்ட் எடையால் வகுத்தது) 0.42-க்குக் கீழே இறங்கினால்தான் சிக்கல். கலவையில் ஊற்றிய நீர் சிமென்ட் முழுவதும் வினைபுரியப் போதாது. மேலே நிற்கும் நீரும் அடர்ந்து இறுகிய சிமென்ட் பசைக்குள் ஆழமாக இறங்காது. உள்ளே நுண்துளைகள் வறண்டு, கான்கிரீட் தானாகவே சுருங்கி, இளம் வயதிலேயே வெடிப்பு விடும். வெடிப்பு வழியே உப்பு கம்பியை எட்டிவிட்டால், உயர்வலிமைக் கலவை போட்டும் பயனில்லை. ஆகவேதான் மணலில் ஒரு பகுதியை, நீர் குடித்த எடைகுறைந்த மணலாக மாற்றச் சொல்கிறார்கள். சூளையில் உப்பவைத்த களிமண் அல்லது களிப்பாறைத் துகள் அது. 1991-இல் அமெரிக்கக் கான்கிரீட் பொறியாளர் ராபர்ட் பிலியோ முன்வைத்த யோசனை.

கேள்வி: அந்த நீர் விகிதத்தை ஏற்றி வலிமையைக் குறைக்காதா?

பதில்: துகளுக்குள் இருக்கும் நீர் குறைக்காது. கலவை இறுகி, பசையின் துளைகள் வறளத் தொடங்கிய பிறகே அது வெளியே இழுக்கப்படுகிறது. துகளின் மேல் ஒட்டியிருக்கும் நீர்தான் வில்லன். அதைக் கலவை நீரில் கழித்தே ஆக வேண்டும். குவியலைத் தெளிப்பான் வைத்து ஓரிரு நாள் நனைத்து, பிறகு வடியவிடுங்கள். கைப்பிடி எடுத்துக் காகிதத் துண்டில் ஒற்றி, காகிதத்தில் ஈரம் படாத நிலையில் எடை போடுங்கள். அடுப்பில் உலர்த்தி மறுபடி எடை போடுங்கள். வித்தியாசம்தான் உள்ளே இருந்த நீர். இந்தச் சோதனையைச் செய்யாமல் கலவை போடுபவர்களிடம் எனக்குப் பொறுமை கிடையாது.

கேள்வி: எவ்வளவு மணல் மாற்றுவது?

பதில்: 100 கிலோ சிமென்ட்டுக்குச் சுமார் 7 லிட்டர் உள்நீர் (துகளுக்குள் இருக்கும் நீர்) என்பது பொதுக் கணக்கு. கனமீட்டருக்கு 400 கிலோ சிமென்ட் என்றால் 28 லிட்டர். துகள் தன் உலர் எடையில் 15 சதவீத நீரை விடுமானால் ஏறத்தாழ 187 கிலோ தேவை. சிலிக்கா ஃப்யூம் (மிக நுண்ணிய சிலிக்கா தூள்) சேர்த்தால் கணக்கைத் திரும்பப் போடுங்கள், சுருக்கம் கூடும்.

கேள்வி: மணலுக்குப் பதில் பெரிய ஜல்லியை ஊறவைக்கலாமா?

பதில்: நீர் பசைக்குள் சில மில்லிமீட்டர்தான் பயணிக்கும். பெரிய ஜல்லிகளுக்கு இடையே வறண்ட தீவுகள் மிஞ்சும். மணலே மேல்.

கேள்வி: நீர் உறிஞ்சும் பாலிமர்?

பதில்: டயப்பரில் இருக்கும் அதே வகைப் பொருள். உலர்ந்த தூளாகவே போடலாம் என்பது வசதி. கலக்கும்போதே நீரைக் குடித்துக் கலவையை இறுக்கிவிடும் என்பதால் அதற்கென்று கூடுதல் நீர் ஒதுக்க வேண்டும். வற்றிய பின் சிறு வெற்றிடங்களும் மிஞ்சும்.

கேள்வி: அப்படியானால் மேலே தண்ணீர் விட வேண்டாமா?

பதில்: கட்டாயம் விட வேண்டும். வெயிலும் காற்றும் மேற்பரப்பை உலர்த்துவதை உள்நீர் மட்டும் தடுத்துவிடாது.