சீன மூலிகைப் பாலிசாக்கரைடு சேர்த்த அயர்ன் மாத்திரை, சாதாரண அயர்ன் மாத்திரையை விட நல்லதா?

பன்னிரண்டு ஆண்டுகளாக மருந்தாளுநராக வேலை பார்க்கிறேன். அதற்கு முன்பு ஹீமோகுளோபின் 8.2க்கு இறங்கி, ஃபெரஸ் சல்பேட் என்ற சாதாரண அயர்ன் மாத்திரை சாப்பிட்டு, மலச்சிக்கல் தாங்காமல் பாதியில் நிறுத்தியவள். வேறு மாத்திரை தேடுபவர்களின் தவிப்பு எனக்குத் தெரியும்.

இந்த வகையில் அதிகம் ஆராயப்பட்ட மூலிகைகளில் ஒன்று டாங்குய் வேர். சீனாவின் கான்சு மாகாணத்து வேருக்கு நல்ல பெயர். 'ரத்தத்தை ஊட்டும்' மருந்தென்று அங்கே பெண்களுக்குக் காலங்காலமாகக் கொடுக்கிறார்கள். வேரைக் கொதிக்கவைத்து வடிகட்டிய நீரில் ஆல்கஹால் சேர்த்தால் பாலிசாக்கரைடு, அதாவது நீளமான சர்க்கரைச் சங்கிலி, தனியாகப் படியும். அதை ஒரு காரப்பொருள் (alkali) சேர்த்து ஃபெரிக் குளோரைடு என்ற இரும்பு உப்போடு கலந்தால், நடுவில் இரும்புத் துகளும் சுற்றிலும் சர்க்கரைப் போர்வையுமாக ஒரு கூட்டுப்பொருள் கிடைக்கிறது. நம் உடம்பே ஃபெரிட்டின் என்ற புரதக் கூட்டுக்குள் இரும்பைப் பொதிந்து வைப்பதுபோலத்தான். இரும்பு மெதுவாக வெளிவருவதால் வயிற்றெரிச்சலும் வாயில் இரும்புச் சுவையும் குறையும் என்பது எதிர்பார்ப்பு. இரும்பு உறிஞ்சப்படுவதைத் தடுக்கும் ஹெப்சிடின் ஹார்மோனை டாங்குய் பாலிசாக்கரைடு குறைக்கிறது என்றும் காட்டியிருக்கிறார்கள். ஆனால் அது எலிகளில்.

போர்வை இருந்தால் ரத்தம் வேகமாக ஏறிவிடுமா? 2017ல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில், ரத்தசோகை உள்ள 80 சிறு குழந்தைகளில் பாதிப்பேருக்கு ஃபெரஸ் சல்பேட்டும் மற்றவர்களுக்குப் பாலிசாக்கரைடு இரும்பும் 12 வாரம் கொடுத்தார்கள். முதல் குழுவில் ஹீமோகுளோபின் 7.9லிருந்து 11.9 ஆனது, இரண்டாவதில் 7.7லிருந்து 11.1. ரத்தசோகை முழுதாகத் தீர்ந்தது முதல் குழுவில் 29 சதவீதம் பேருக்கு, இரண்டாவதில் 6 சதவீதம் பேருக்கு. வயிற்றுப்போக்கும் இரண்டாவதில்தான் அதிகம். அது டாங்குய் மாத்திரை அல்ல, சரி. ஆனாலும் இதைப் படித்த பிறகு போர்வையை மட்டும் நம்பி யாருக்கும் நான் மாற்றச் சொல்வதில்லை.

எனக்குக் கைகொடுத்தது வேறு. ஒருமுறை இரும்பு சாப்பிட்டால் ஹெப்சிடின் ஒருநாள் வரை உயர்ந்திருக்கும், மறுநாள் மாத்திரை சரியாக ஏறாது. டாக்டரிடம் கேட்டு ஒருநாள் விட்டு ஒருநாள் சாப்பிட்டேன், மாத்திரை நேரத்தில் டீயை விட்டேன். வயிறும் அடங்கியது, நான்கு மாதத்தில் 11.6 வந்தது.

அப்புறம், ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுபவர்களும் கர்ப்பிணிகளும் டாங்குய் பக்கம் போகவே வேண்டாம், வார்ஃபரினோடு சேர்ந்தால் ரத்தக்கசிவு கூடும். மாதவிடாய் அதிகமாகப் போகிறது என்றால் முதலில் அதைக் காட்டுங்கள். என் ரத்தம் அங்கேதான் போய்க்கொண்டிருந்தது.